மறைக்கல்வியில் ஒப்பிக்கிற பிள்ளை வீட்டில் செபத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: பிள்ளைகள் இரண்டு பேரும் கோயிலில் நடக்கிற ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறார்கள், மந்திரமெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், ஆனால் வீட்டில் குடும்ப செபத்துக்குக் கூப்பிட்டால் நழுவிவிடுகிறார்கள். வீட்டில் எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம், எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். அதனால் வகுப்பை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனப்பாடம் வகுப்பில் நடக்கட்டும். ஆனால் "இதை ஏன் சொல்கிறோம்" என்பதற்குப் பதில் வீட்டில்தான் இருக்கிறது, அந்தப் பதில் விளக்கமாக இல்லாமல் நம் வீட்டில் நடந்த கதையாக இருந்தால்தான் பிள்ளை காது கொடுக்கும்.

விவிலியத்தில் இணைச்சட்டம் 6ஆம் அதிகாரத்தில் "உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் பேசு" என்று வருகிற பகுதியை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரத்தின் கடைசியை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. நாளைக்கு உன் மகன் "இந்தக் கட்டளையெல்லாம் எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிறது. நாங்கள் எகிப்தில் பாரவோனுக்கு அடிமையாக இருந்தோம், ஆண்டவர் எங்களை வெளியே கொண்டுவந்தார் என்று சொல்லச் சொல்கிறது. பையன் கேட்டது சட்டத்தைப் பற்றி, அப்பா சொல்வது குடும்பக் கதை!

எங்கள் வீட்டில் இதைச் செய்தது அப்பத்தா. கடலில் பாசி எடுத்துவிட்டு வந்த கை, விரல்களில் சுற்றிய துணியைக் கூட அவிழ்க்காமல் செபமாலையின் 53 மணியை உருட்டும். செபமாலை முடிந்த பிறகு தனியாக ஒரு பரலோக மந்திரம் சொல்லும், "தனுஷ்கோடியில போனவுகளுக்கு" என்று. எங்களுக்குப் பசி, தூக்கம், எப்போது முடியும் என்று இருக்கும். ஒரு நாள் தம்பி "யாரு அப்பத்தா போனா, எங்க போனா?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்குச் சோறு ஆறிப்போனது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், ரயிலோடு சனம் போனது, தாத்தா கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது, விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரும் இல்லை. அந்தப் பிள்ளைதான் எங்கள் அப்பா. அதற்கப்புறம் அந்த ஒரு மந்திரத்தை விட்டுவிட்டால் தம்பியே எடுத்துக்கொடுப்பான். "இறந்தோருக்காக செபிப்பது ஏன்?" என்று வகுப்பில் நான் கேட்டால் புத்தகப் பதில் டக்கென்று வரும், அது வேறு சங்கதி.

இந்தக் கடற்கரையில் மறைக்கல்வியே பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். புனித சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர் ஆட்களை வைத்து மந்திரங்களைத் தமிழில் எழுதவைத்து, அவரே மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பையன்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. வகுப்பில் கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார், நோயாளி வீட்டுக்குத் தன்னால் போக முடியாதபோது செபம் சொல்லப் பிள்ளைகளையே அனுப்பினார். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமான தம்பிரான் வணக்கமும் ஞானோபதேசப் புத்தகம்தான், அதாவது மறைக்கல்விப் புத்தகம், ஹென்றீக்கஸ் அடிகளார் 1578ல் கொல்லத்தில் அச்சிட்டது, மொத்தம் 16 பக்கம். இன்றைக்கு நாம் கொடுக்கிற நோட்டு, கைடு, வினாடி வினாத் தாளை எல்லாம் எடை போட்டால்... சரி, விடுங்கள்.

வினாடி வினா என்றதும் ஞாபகம் வருகிறது. நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம் என்று எங்கள் பையன்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், படகுக்காரன் பிள்ளை இல்லையா, "எஞ்சின் இல்லாம எப்படி சார் ஓட்டுனாரு?" என்றும் கேட்பார்கள். பரிசு வாங்குவார்கள். ஆனால் அடுத்த வீட்டில் படுத்துக் கிடக்கிற பாட்டிக்கு ஒரு செபம் சொல்லிவிட்டு வா என்றால் கூச்சம். பிள்ளையைச் செபத்துக்கு உட்கார வைப்பதை விட, செபத்தை அதன் கையில் கொடுப்பது நல்லது என்பேன். யாருக்காக இன்றைக்கு வேண்டிக்கொள்ளலாம் என்று அதுவே பெயர் சொல்லட்டும். உடம்பு சரியில்லாத நாய்க்குட்டி பெயரைச் சொன்னாலும் சிரிக்காதீர்கள்.

அப்பாக்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகிறது. சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலையில்தான் கரைக்கு வருகிறார், பூசை நேரத்தில் அவர் மீன் இறக்கிக்கொண்டிருப்பார், அப்புறம் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். அவரைக் கோயிலுக்கு வரவில்லை என்று பிள்ளைகள் முன்னால் திட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் மனிதர் வீட்டில்தான் இருப்பார், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு. பிள்ளைகளை வேதசாட்சி அருளானந்தர் திருத்தலம் இருக்கிற ஓரியூருக்கு அவரே கூட்டிப்போகட்டும். போகிற வழியில் கதை சொல்ல அவரை விட ஆள் கிடையாது. கடலில் மாட்டிக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்ட கதை இல்லாத மீனவர் யார்?

ஓரியூரில் செம்மண்ணைப் பிள்ளை நெற்றியில் பூசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1693 பிப்ரவரி 4ல் அருளானந்தர் ஏன் வெட்டப்பட்டார் என்று கேட்பார்கள். மறவர் தலைவர் தடியத்தேவர் அருளானந்தர் வழியாகக் கிறிஸ்தவராகி ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வது என்று முடிவெடுத்தார், விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண், புகார் அரண்மனைக்குப் போனது. இதைச் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று வகுப்புகளில் பாதியை விழுங்கிவிடுகிறோம். நான் பத்து வயதுப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்கிறேன். அந்தப் பெண் பாவமில்லையா என்று ஒரு சிறுமி கேட்டாள். பாவம்தான் என்றேன்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: செபமாலை முழுதும் இப்போதைக்கு வேண்டாம், அதில் பத்து மணி உருட்டினால் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள், பிறகு என்றால் தூங்கிவிடுவார்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.