மிஸ்டரி ஷாப்பிங்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கம்பெனிக்காக ஒரு ஏஜென்சி நம்மைச் சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்கு அனுப்பும். பொருள் வாங்கி, ஊழியர் எப்படி நடந்துகொண்டார், கடை எப்படி இருந்தது என்று ரிப்போர்ட் எழுதவேண்டும்.

தக்கலை அக்கா: ஒரு விசிட்டுக்கு 400 ரூபாய். மாசம் இருபது செய்தால் 8,000 வருமா?

நானும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன் அக்கா. மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடை என்றால் வடசேரியில் பஸ் ஏறி முப்பது கிலோமீட்டர் போகணும், கடையில் அரை மணி நேரம், திரும்பி வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதணும், ஆக அரை நாளுக்கு மேல் போய்விடும். பஸ் காசும் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை, அது உங்களுக்கு மிச்சம். தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் ஒரே ரோட்டில்தானே இருக்கின்றன, மூன்றையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள். ஒற்றை விசிட்டுக்காகக் கிளம்பாதீர்கள்.

குளச்சல் தம்பி: ரிப்போர்ட்டை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் அண்ணே?

பாதி நேரம் சின்ன விஷயத்துக்குத்தான். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கடையில் 649 ரூபாய்க்குச் செருப்பு வாங்கினேன். நான் எழுதிய நேரம் 5.31, பில்லில் 5.42. கடைக் கம்ப்யூட்டரில் கடிகாரம் பதினொரு நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று எவ்வளவோ சொல்லியும் ஏஜென்சி ஏற்கவில்லை. கூலியும் போச்சு, ஏஜென்சி திருப்பித் தரவேண்டிய செருப்புக் காசும் வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. நீ கல்லாவை விட்டு நகர்வதற்குள் பில்லில் நேரத்தைப் பார். வாசலுக்கு வந்ததும் போட்டோ எடு, எடுத்த நேரம் அதில் பதிவாகிவிடும். அந்த பில் தாள் பர்சில் கிடந்தால் கொஞ்ச நாளில் வெளுத்துப்போகும், அதற்காகவும் போட்டோ வேண்டும்.

கருங்கலில் இருந்து: டெலிகிராமில் 2,000 ரூபாய் கட்டினால் தினமும் வேலை என்கிறார்கள்.

கட்டாதீர்கள். முறையான ஏஜென்சி சேர்வதற்குப் பணம் கேட்காது. ஏற்கனவே கட்டியிருந்தால் இப்போதே 1930க்கு போன் போடுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. தாமதமாக ஆகப் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

கன்னியாகுமரி தம்பி: நம்ம ஊரில் முகம் தெரிந்துவிடாதா?

தெரியும். நம் மாவட்டத்தில் அதுதான் பெரிய தொல்லை. ஒரு கடையில் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டதும், "நீங்க யாருக்க மகன்?" என்று முதலாளி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார், நம் அப்பாவோடு படித்தவராம். அப்படி ஆனால் விசிட்டை நிறுத்திவிட்டு ஏஜென்சியிடம் உள்ளதைச் சொல்லிவிடு. மறைத்து எழுதினால் அது பொய் ரிப்போர்ட். சொந்தக்காரர் வேலை செய்யும் கடையை முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடணும்.

மார்த்தாண்டம் அக்கா: நான் எழுதி ஒரு பிள்ளைக்கு வேலை போனால்?

இந்தக் கேள்வி என்னை ராத்திரியில் எழுப்பியிருக்கிறது அக்கா. ஃபாரத்தில் 'சிரித்தாரா, வணக்கம் சொன்னாரா' என்று இருக்கும். போன ஓணம் சமயம் ஒரு துணிக்கடைப் பிள்ளை எனக்கு எட்டு சேலை பிரித்துப் போட்டது, சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தால் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து இன்னொரு கால் மேல் வைத்து நின்றுகொண்டிருந்தது. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் வந்துவிட்டது, அந்தத் தளத்தில் ஒரு ஸ்டூல் கூட இல்லை. ஃபாரத்தில் அதற்குக் கேள்வியே கிடையாது. 'சிரிக்கவில்லை' என்று உள்ளதை எழுதினேன். குறிப்புப் பகுதியில், எட்டு சேலையைப் பொறுமையாகக் காட்டியதையும், இருக்கை இல்லாததையும், மணி ராத்திரி 8.20 என்பதையும் எழுதினேன். ஏஜென்சியில் ரிப்போர்ட்டைத் திருத்தும் எடிட்டர் கடைசி ரெண்டையும் வெட்டினார், நான் திரும்பவும் சேர்த்து அனுப்பினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.