ஸ்கேன்எஃப் ஏன் காத்திருக்காமல் ஓடுகிறது? சி மொழி உள்ளீடு, வெளியீடு: கேள்வி பதில்

வந்த கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, முதலில் வயதை வாங்குகிறேன், அடுத்து 'தொடரலாமா' என்று கேட்டு ஓர் எழுத்தை வாங்குகிறேன். வயதைக் கொடுத்து என்டர் தட்டியதும், எழுத்துக்குக் காத்திருக்காமல் நிரல் முடிந்துவிடுகிறது. கம்பைலர் எந்தப் பிழையும் காட்டவில்லை.

பதில்: காட்டாது தம்பி, இலக்கணப்படி உங்கள் நிரலில் தப்பே இல்லை. தட்டியதை நிரலுக்குள் வாங்கித் தரும் ஃபங்ஷனான ஸ்கேன்எஃப் விசைப்பலகையை நேராகப் பார்ப்பதில்லை. நீங்கள் தட்டுவதெல்லாம் முதலில் ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) போய் வரிசையாக நிற்கிறது. ஸ்கேன்எஃப் அந்த வரிசையின் தலையிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை அப்படியே விட்டுவிடும்.

25 என்று தட்டி என்டர் கொடுத்தால் வரிசையில் நிற்பவை மூன்று: '2', '5', '\என்' (என்டர் தரும் புதுவரிக் குறி). முழு எண்ணை வாங்கும் %டி முதல் இரண்டையும் எடுத்து 25 ஆக்குகிறது. '\என்' எண் இல்லை என்பதால் அதைத் தொடுவதில்லை. அடுத்து வரும் %சி 'ஏதாவது ஓர் எழுத்து கொடு' என்கிறது. '\என்'னும் ஓர் எழுத்துதானே? அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உங்களுக்காகக் காத்திருக்க அதற்குக் காரணமே இல்லை.

%டி, %எஃப் (தசம எண்), %எஸ் (சொல்) மூன்றும் முன்னால் கிடக்கும் இடைவெளி, டேப், புதுவரி எல்லாவற்றையும் தாண்டிவிட்டுத்தான் படிக்கத் தொடங்கும். %சி அப்படித் தாண்டாது. அதனால்தான் அடுத்தடுத்து எண்களாக வாங்கும்போது இந்தச் சிக்கல் தலைகாட்டுவதில்லை. தீர்வு ஒரே ஓர் இடைவெளி:

ஸ்கேன்எஃப்(" %சி", &விடை);

மேற்கோளுக்கு அடுத்து, சதவீதக் குறிக்கு முன்னால் விட்ட இடைவெளியைக் கவனியுங்கள். அதைப் பின்னால் போட்டுவிடாதீர்கள். "%டி\என்" என்று எழுதினால், வெற்றிடம் அல்லாத இன்னோர் எழுத்து வரும்வரை ஸ்கேன்எஃப் நகராது. 'இரண்டு தடவை எண் கேட்கிறது' என்று வருகிறவர்களில் பலர் இதைத்தான் செய்திருப்பார்கள்.

கேள்வி: எண் கேட்கும் இடத்தில் தெரியாமல் 'ஏபிசி' என்று அடித்துவிட்டேன். லூப் நிற்காமல் ஓடித் திரை நிரம்பிவிட்டது. ஏன்?

பதில்: அதே வரிசைதான். %டிக்கு 'ஏ' பிடிக்கவில்லை, எடுக்காமல் திரும்பிவிட்டது. லூப் மறுபடி வருகிறது, தலையில் அதே 'ஏ' நிற்கிறது. விடியவிடிய இதே கதைதான்.

ஸ்கேன்எஃப் சும்மா திரும்புவதில்லை, எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக நிரப்பியது என்ற எண்ணைத் தருகிறது. ஒரு எண் கேட்டால் 1 வர வேண்டும். 0 வந்தால் வந்தது எண் இல்லை. இஓஎஃப் (நிரலில் பெரிய எழுத்தில் EOF, முடிவைக் குறிக்கும் மதிப்பு) வந்தால் உள்ளீடே தீர்ந்துவிட்டது, அங்கே லூப்பை விட்டு வெளியேறுங்கள். 0 வந்தால், ஒவ்வோர் எழுத்தாக எடுக்கும் கெட்சாரால் அந்த வரியைத் துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்:

இன்ட் எ;
வைல் ((எ = கெட்சார்()) != '\என்' && எ != இஓஎஃப்) ;

கேள்வி: ஓர் எழுத்தை வாங்க 'இன்ட்' எதற்கு? 'சார்' போதாதா?

பதில்: கெட்சார் எல்லா எழுத்து மதிப்புகளையும் தந்தாக வேண்டும், கூடவே 'தீர்ந்துவிட்டது' என்பதைச் சொல்ல எழுத்துகளோடு மோதாத ஓர் எதிர்மறை எண்ணையும் தந்தாக வேண்டும். சார் வகையில் அதற்கு இடமில்லை. சார் எதிர்மறை எண்ணை ஏற்காத கணினிகளும் உண்டு. அங்கே அது இஓஎஃப்புக்குச் சமமாகவே ஆகாது, லூப் முடியாது.

கேள்வி: இவ்வளவு எதற்கு, எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) என்று ஒரு வரி போட்டால் பஃபர் காலியாகிவிடும் என்று எங்கள் லேபில் சொல்லித்தந்தார்களே?

பதில்: சில கம்பைலர்களில் அது வேலை செய்தது, அதனால் பழக்கமாகிவிட்டது. சி மொழியின் தரநிலை எஃப்ஃப்ளஷ்ஷுக்கு வெளியீட்டுப் பக்கம் மட்டுமே பொருள் தருகிறது. உள்ளீட்டில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே உள்ள இரண்டு வரி எங்கும் ஓடும்.

கேள்வி: சார், எண்ணுக்கு & போடச் சொல்கிறார்கள், பெயருக்கு வேண்டாம் என்கிறார்கள். மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். சி மொழியில் ஃபங்ஷனுக்குப் போவது மதிப்பின் நகல்தான். நகலில் எழுதினால் உங்கள் வேரியபிள் மாறாது, அதனால் ஸ்கேன்எஃப்புக்கு முகவரி வேண்டும். & தருவது அந்த முகவரி. எழுத்து அரேயின் பெயரை ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலே அது முதல் எழுத்தின் முகவரியாக மாறிவிடுகிறது.

கேள்வி: டபுள் வேரியபிளில் 3.5 வாங்கினேன், அச்சிட்டால் குப்பையாக ஏதோ வருகிறது. இரண்டிலும் %எஃப்தான் போட்டேன்.

பதில்: வாங்கும்போது %எல்எஃப் போடுங்கள். அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்புக்குப் போகும் ஃப்ளோட் வழியிலேயே டபுளாக மாறிவிடுவதால் அங்கே %எஃப் இரண்டுக்கும் பொருந்தும். ஸ்கேன்எஃப்புக்குப் போவது முகவரி, அது மாறாது. %எஃப் என்றால் அந்த முகவரியில் ஃப்ளோட் அளவுக்கு மட்டும் எழுதும், வழக்கமான கணினிகளில் 8 பைட்டில் 4 மட்டும். எச்சரிக்கைகளை இயக்கிக் கம்பைல் செய்திருந்தால் ஜிசிசி கம்பைலர் இதைச் சொல்லியிருக்கும்.

கேள்வி: முழுப்பெயர் தட்டினால் முதல் சொல் மட்டும் வருகிறது. முழு வரியை வாங்கும் கெட்ஸ் போட்டால் கம்பைலர் திட்டுகிறது.

பதில்: %எஸ் முதல் இடைவெளியிலேயே நின்றுவிடும். கெட்ஸை மறந்துவிடுங்கள். உங்கள் அரேயில் எத்தனை இடம் என்று அதற்குத் தெரியாது, வந்ததையெல்லாம் கொட்டும். 1988-இல் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மோரிஸ் வார்ம் என்ற தானாகப் பரவும் நிரல், பயனர் விவரம் தரும் 'ஃபிங்கர்' சேவைக்குள் நுழைந்தது இந்தக் கெட்ஸ் வழியாகத்தான். அதற்குப் பிறகும் 2011 தரநிலையில்தான் அதை மொழியிலிருந்தே எடுத்தார்கள். எத்தனை பொறுமை!

எஃப்கெட்ஸ்(பெயர், சைஸ்ஆஃப் பெயர், எஸ்டிடிஇன்);

இது அளவை மீறாது. ஆனால் கடைசியில் '\என்'னையும் சேர்த்தே வைக்கும். அதை வெட்டாமல் விட்டால் பெயர்களை ஒப்பிடும்போது எதுவும் பொருந்தாது. எஸ்டிஆர்சிஎஸ்பிஎன் ஃபங்ஷனால் அதன் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே 0 வைத்துவிடுங்கள்.

கேள்வி: பிரிண்ட்எஃப்(பெயர்) என்றே எழுதலாமே, "%எஸ்" எதற்கு?

பதில்: பெயரில் யாராவது சதவீதக் குறி தட்டும்வரை எல்லாம் சுகம். தட்டிவிட்டால் பிரிண்ட்எஃப் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, நீங்கள் கொடுக்காத மதிப்பைத் தேடும். %என் என்று வந்தால் நினைவகத்தில் எழுதவே முனையும்.

கேள்வி: '%-15எஸ்' போட்டு அட்டவணை அச்சிட்டேன். ஆங்கிலப் பெயர்கள் நேராக நிற்கின்றன, தமிழ்ப் பெயர்கள் வந்தால் கோணலாகிறது ப்ரோ.

பதில்: அந்த 15, பைட் கணக்கு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, அதாவது 15 பைட். ஆகவே இடம் நிரம்பிவிட்டது என்று நினைத்து ஒரு வெற்றிடம்கூடச் சேர்க்காது. முடிவில் வைக்கும் பூஜ்யத்தோடு சேர்த்து இந்தச் சொல்லுக்கு 16 பைட் அரே வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஸ்கேன்எஃப்பைக் கைவிட்டுவிடலாமா?

பதில்: உள்ளீட்டின் அமைப்பு முன்பே உறுதியாகத் தெரிந்த இடங்களில், போட்டித் தேர்வுக் கணக்குகள் போன்றவற்றில், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் உட்கார்ந்து தட்டும் நிரலில் நான் அதைத் தொடுவதில்லை. ஒரு வரியை எஃப்கெட்ஸால் முழுதாக வாங்கி, அதை, விசைப்பலகைக்குப் பதில் அரேயிலிருந்து படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப்பிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்வேன். தப்பாகத் தட்டினாலும் அந்த வரி வரிசையை விட்டு வந்துவிட்டதல்லவா? அரேயைக் கொஞ்சம் தாராளமான அளவில் வையுங்கள், அதற்குள் அடங்காத வரியின் மிச்சம் மட்டும் பின்தங்கும். எண் எல்லை மீறுமோ என்ற பயம் இருந்தால், எழுத்துகளை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓஎல் ஃபங்ஷன். %டியில் எல்லை மீறிய எண் வந்தால் என்ன ஆகும் என்று தரநிலை உறுதி தரவில்லை, எஸ்டிஆர்டிஓஎல் அதைப் பிழையென்று தெரிவிக்கும்.

கேள்வி: "%ஐ%ஐ" போட்டு நாளும் மாதமும் வாங்குகிறேன். '07 12' சரியாக வருகிறது. '08 12' கொடுத்தால் நாள் 0, மாதம் 8 என்கிறது!

பதில்: %ஐ முன்னால் பூஜ்யத்தைக் கண்டால் எண்மக் கணக்குக்கு, அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்முறைக்குப் போய்விடும். அதில் 8 என்ற இலக்கமே கிடையாது. 0-வோடு நிறுத்திக்கொண்டது, விட்டுப்போன 8 அடுத்த %ஐயிடம் மாட்டியது. 12 இன்னும் பஃபரில்தான் கிடக்கிறது. இரண்டையும் %டி ஆக்கிவிடுங்கள்.