கான்கிரீட்டில் ஒட்டும் கார்பன் ஃபைபர் எத்தனை காலம் தாங்கும்?

பழைய கான்கிரீட் பீமை வலுப்படுத்த ஒட்டும் கார்பன் ஃபைபர் (கார்பன் நார்) பட்டை நீடித்து உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவிட்சர்லாந்தின் இபாக் பாலத்தில் 1991-லேயே ஒட்டினார்கள். நார் துருப்பிடிக்காது, அதில் கவலை வேண்டாம். பலவீனம் அதை ஒட்டும் எபாக்ஸி என்ற பிசின் பசையில்தான். வேலை நடக்கும் இடத்திலேயே பூசும் சாதாரண எபாக்ஸி சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஈரம் ஊறினால் அந்த வரம்பு இன்னும் இறங்கும். அமெரிக்க கான்கிரீட் கழக வழிகாட்டியும் கார்பன் பட்டையின் வலிமையைக் கட்டடத்துக்குள் 0.95, வெளியில் 0.85 மடங்காகக் குறைத்தே எடுக்கச் சொல்கிறது. வெயில் படும் இடத்தில் மேற்பூச்சு கட்டாயம்.

அப்புறம், நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்: உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்படியே மூடி ஒட்டினால் துரு உள்ளேயே வளர்ந்து, கான்கிரீட் வெடித்து, பட்டையும் சேர்ந்து பெயர்ந்துவிடும்.