திண்ணையில் ஒரு கைத்தடி: ஹைக்கூ கேள்வி - பதில்

எழுதிய ஹைக்கூவை நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது எழும் ஐயங்களைப் பற்றிய கேள்விகளே இம்முறை அதிகம் வந்திருக்கின்றன. அவற்றுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்குகிறேன்.

கேள்வி: "பூட்டிய வீடு / திண்ணையில் இன்னும் / தாத்தாவின் கைத்தடி" என்று எழுதி, எங்கள் வாசகர் வட்டத்தில் வாசித்தேன். தாத்தாவைச் சித்தப்பா பெங்களூருக்கு அழைத்துச் சென்ற அன்று எழுதியது அது. கேட்டவர்களோ தாத்தா காலமாகிவிட்டார் என்று எண்ணி எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எழுதியவள் நினைக்காத பொருளை வாசகர்கள் கொள்வது முறையா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முறைதான். அது உங்கள் கவிதைக்குக் குறையும் அன்று. ஜப்பானில் ஹைக்கூக் கவிஞர் பாஷோவுக்கும் (1644-1694) அவருடைய மாணவர் கியோராய்க்கும் இடையே நடந்த உரையாடல் ஒன்றைக் கியோராயே எழுதி வைத்திருக்கிறார். நிலவொளியில் மலைப்பக்கம் நடந்தபோது பாறை ஒன்றின் மேல் வேறொரு கவிஞர் நிற்பதைக் கண்டு, "பாறை முனை / இங்கேயும் ஒருவன் / நிலவின் விருந்தாளி" என்று கியோராய் எழுதினார். எதை எண்ணி எழுதினாய் என்று பாஷோ கேட்க, மாணவர் நடந்ததைச் சொன்னார். அதற்குப் பாஷோ, "இங்கேயும் ஒருவன் இருக்கிறேன்" என்று நீயே நிலவிடம் உன்னை அறிவித்துக்கொள்வதாகக் கொண்டால் கவிதை எவ்வளவு உயர்ந்துவிடுகிறது என்றார். ஒரு சொல்லும் மாறவில்லை. அந்த ஒருவன் யார் என்பது மட்டுமே மாறியது. தம் எண்ணத்தைக் காட்டிலும் ஆசிரியரின் வாசிப்பு இரண்டு மூன்று படி மேலானது என்று கியோராய் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். கவிதை எழுதியவரின் கையிலிருந்து நழுவி இன்னொருவரின் கையில் வளர்வதை இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்த குறிப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆனாலும் உங்கள் வட்டத்தார் அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்தது ஏன் என்று பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் "இன்னும்" என்ற சொல். ஆள் போய்விட்டார், பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது என்ற எண்ணத்தை அந்தச் சொல்லே ஊட்டிவிடுகிறது. "பூட்டிய வீடு / திண்ணை ஓரத்தில் / தாத்தாவின் கைத்தடி" என்று வாசித்துப் பாருங்கள். மறைந்துவிட்டாரா, மகனோடு ஊருக்குப் போனாரா, அவசரத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்களா என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் தாத்தாவை நினைத்துக்கொள்ள அப்போது இடம் கிடைக்கும். நல்ல படிமம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. அதற்கு இந்த ஒரு சொல்லின் பாரம் வேண்டாம்.

கேள்வி: என் ஹைக்கூவின் முதல் வரியை மாற்றும்படி நண்பர் வற்புறுத்துகிறார். மாற்றினால் அது என்னுடைய கவிதையாக இருக்குமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நண்பர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். 1686-இல் பாஷோ எழுதிய "பழைய குளம் / தவளை குதிக்க / நீரின் ஓசை" என்ற கவிதையை அறியாத ஹைக்கூ வாசகர் இருக்க முடியாது. அதில் பின்னிரண்டு வரிகளே முதலில் பிறந்தன என்றும், முதல் வரி அமையாதிருந்தபோது அருகிலிருந்த மாணவர் கிகாக்கு, "யாமாபுக்கி" என்னும் மஞ்சள் மலரை அங்கே வைக்கலாம் என்றார் என்றும், இன்னொரு மாணவரான ஷிக்கோ எழுதியிருக்கிறார். கிகாக்கு சொன்னது தவறான யோசனை அன்று. பழைய ஜப்பானியச் செய்யுள் மரபில் தவளையின் பாட்டும் அந்த மலரும் இணைபிரியாதவை. நம் மரபில் முல்லை என்றதும் கார்காலம் நினைவுக்கு வருவதைப் போன்றது அது. பாஷோ கேட்டுக்கொண்டு, பழைய குளத்தையே வைத்தார். அவருடைய தவளை பாடவில்லை, நீரில் குதிக்கிறது. அந்த ஓசைக்கு முன்னால் வண்ணம் எதுவும் இல்லாத ஒரு குளமே பொருத்தம். மறுக்கப்பட்ட யோசனையும் இங்கே வீணாகவில்லை, பாஷோ எதை விலக்கினார் என்பதை நமக்குக் காட்டுகிறது.

கேள்வி: ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு அசைகள் இல்லாவிட்டால் அது ஹைக்கூ ஆகாது என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார்.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அவர் எண்ணுவது ஜப்பானியர் எண்ணுவதை அன்று. அவர்கள் எண்ணும் ஒலியலகு நம் அசையைவிட மாத்திரைக்கு நெருக்கமானது. "தோக்கியோ" என்ற ஊர்ப்பெயர் அவர்கள் கணக்கில் நான்கு அலகு. நெட்டோசை இரண்டாக எண்ணப்படும். சொல்லின் இறுதியில் வரும் "ன்" நம் கணக்கில் அரை மாத்திரை, அவர்களுக்கோ முழு அலகு. தமிழிலோ "பறந்துகொண்டிருக்கிறது" என்ற ஒரு வினையே ஏறக்குறைய பத்து மாத்திரையை விழுங்கிவிடும். ஆகவே எண்ணிக்கையை விட்டு, தேவையற்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதும்.

கேள்வி: தமிழில் ஹைக்கூவைப் பற்றி முதலில் பேசியவர் யார்?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: பாரதியார். 1916 அக்டோபர் 16 அன்று சுதேசமித்திரனில் வெளிவந்த "ஜப்பானியக் கவிதை" என்ற கட்டுரையில், தம் வீடு எரிந்தபோதும் மலர் உதிர்வதன் அமைதியைப் பாடிய ஹொக்கூஷியை அவர் எடுத்துக்காட்டுகிறார். தமிழின் முதல் ஹைக்கூத் தொகுப்புகளான அமுதபாரதியின் "புள்ளிப் பூக்கள்", அறிவுமதியின் "புல்லின் நுனியில் பனித்துளி" ஆகிய இரண்டும் வெளிவந்தது 1984-இல்தான்.

கேள்வி: மாதம் ஒருமுறை பன்னிரண்டு பேர் கூடி ஹைக்கூ வாசிக்கிறோம். மூத்தவர் எழுதியதை எல்லோரும் புகழ்கிறார்கள். புதியவர் எழுதியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: இந்தக் கேள்வியை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். பேச அஞ்சும் சபையில் புதியவர் ஓரிரு கூட்டங்களோடு நின்றுவிடுவார். ஜப்பானியர் இதற்குக் "குகாய்" என்ற கூடல் முறையை வைத்திருக்கிறார்கள். ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்திய மசாவோகா ஷிக்கி (1867-1902), முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் கிடந்த ஆண்டுகளிலும் தோக்கியோவில் தம் வீட்டிலேயே இதை நடத்தினார்.

முறை எளியது. ஒவ்வொருவரும் பெயர் எழுதாமல், ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு கவிதை வீதம் எழுதிப் போட வேண்டும். சீட்டுகளைக் கலந்து மீண்டும் பகிர்ந்தளித்து, தமக்கு வந்தவற்றை அவரவர் ஒரு தாளில் படியெடுக்க வேண்டும். கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பிறகு தாள்கள் சுற்றி வரும். ஒவ்வொருவரும் தம்முடையதை விடுத்துப் பிடித்த சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, உரக்க வாசிக்க வேண்டும். தம் கவிதை வாசிக்கப்பட்டதும் எழுதியவர் தம் பெயரைச் சொல்வார். உங்கள் வட்டத்தில், ஏன் பிடித்தது என்று தேர்ந்தெடுத்தவர்கள் பேசி முடிக்கும் வரை அந்தப் பெயரையும் நிறுத்தி வையுங்கள். ஆளுக்கு மூன்று கவிதை என்றால் உங்களுக்கு முப்பத்தாறு சீட்டுகள் சேரும். அடுத்த கூட்டத்துக்கு ஒரே நீளத்தில் வெட்டிய சீட்டுகளோடு, எல்லோருக்கும் ஒரே நிற மையுள்ள பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள்.