அமெரிக்காவில் தோன்றிய கிறித்தவப் பிரிவான மார்மன் சபையை விட்டு விலகியவர்கள் ஏன் இன்னும் அதன் தலைவர்களோடு பேசத் துடிக்கிறார்கள்?

விலகியாயிற்றே, அப்புறம் என்ன பேச்சு என்று தோன்றலாம். ஆனால் பலருடைய பெற்றோரும் துணையும் பிள்ளைகளும் இன்னும் சபைக்குள்தான் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் மட்டும் வீட்டில் துரோகியாகிவிடுகிறார். நேரான பதில் கிடைத்தால் அந்தப் பழியாவது நீங்கும்.

கேள்விகள் பெரும்பாலும் வரலாறு பற்றியவை. நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் இருந்திருக்கலாம், அவர்களில் ஒருவருக்கு 15 வயதுகூட நிறையவில்லை என்று சபையே 2014இல் தன் இணையதளத்தில் எழுதியது. ஆயுள் முழுக்க உறுப்பினராக இருந்த பலருக்கு அது புதுச் செய்தி.

2010இல் சுவீடனில் ஒரு முயற்சி நடந்தது. ஐயப்பட்ட உறுப்பினர்களைச் சந்திக்கச் சபையின் வரலாற்றாளர் மார்லின் ஜென்சன் அமெரிக்காவிலிருந்து வந்தார். அதில் கலந்துகொண்ட முன்னாள் மண்டலத் தலைவர் ஹான்ஸ் மாட்சன், பதில்கள் போதவில்லை என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் அப்படி வந்து உட்கார்ந்து கேட்டதே பெரிய விஷயம் என்பேன்.

சாம் யங் கதைதான் என்னை மிகவும் வருத்துகிறது. முன்பு பிஷப்பாக, அதாவது உள்ளூர்ச் சபைத் தலைவராக இருந்த அவர், பிஷப்புகள் நேர்காணல் என்று சிறுவர்களைத் தனியறையில் வைத்துப் பாலியல் கேள்விகள் கேட்கக் கூடாது என்று போராடினார். நேர்காணலில் இன்னொரு பெரியவர் உடனிருக்கலாம் என்று 2018இல் விதி மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள்.