சர்ஃப் கிட்டார்: அந்தச் சொட்டுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என்னிடம் ஒரு ஸ்குயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 10 வாட்ஸ் பிராக்டிஸ் ஆம்ப், ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் இருக்கின்றன. அறுபதுகளில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் பிறந்த சர்ஃப் இசையின் முன்னோடி டிக் டேல் மாதிரி வாசிக்க ஆசை. ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்டை) எவ்வளவு ஏற்றினாலும் கல்யாண மண்டபத்தில் வாசிக்கிற மாதிரிதான் கேட்கிறது, ரெக்கார்டில் வருகிற அந்தச் சொட்டுச் சத்தம் வரவே இல்லை. ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிட்டார் வாங்கினால் சரியாகிவிடுமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: தயவுசெய்து கிட்டாரில் பணத்தைப் போடாதீர்கள். டிக் டேல் கடைசிவரை வாசித்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான், அதே வகைக் கிட்டார் உங்கள் கையில் இருக்கிறது. இல்லாமல் இருப்பது ஸ்பிரிங் ரிவெர்ப் (கம்பிச் சுருளின் அதிர்வில் உண்டாகும் எதிரொலி), அதுவும் ஆம்புக்கு முன்னால் வருகிற ஸ்பிரிங் ரிவெர்ப்.

1961-இல் ஃபெண்டர் கம்பெனி 6ஜி15 என்று ஒரு தனிப் பெட்டியை வெளியிட்டது. கிட்டார் அதற்குள் போய், அங்கிருந்து ஆம்புக்குப் போகும். தன் பாட்டுக் குரல் நீண்டு ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கம்பெனியின் நிறுவனர் லியோ ஃபெண்டரிடம் ரிவெர்ப் கேட்டேன் என்று டேல் பேட்டிகளில் சொல்லிவந்தார், அப்புறம்தான் அது கிட்டாருக்கு வந்ததாம். பெட்டிக்குள் ஹேமண்ட் ஆர்கனுக்காக உருவான ஸ்பிரிங் டேங்க், அதாவது ஸ்பிரிங்குகள் மாட்டிய தட்டு, இருக்கும். அதை ஓட்டுவதற்கென்றே ஒரு குட்டி பவர் ட்யூப், 6கே6, வைத்திருக்கிறார்கள். இதுதான் முக்கியம். ஸ்பிரிங்கை மென்மையாகத் தட்டினால் இனிமையான எதிரொலி கிடைக்கும், பலமாக அடித்தால்தான் அது தெறிக்கும். எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்பதை 'டுவெல்' குமிழ் முடிவு செய்கிறது. மற்ற இரண்டும் 'மிக்ஸர்', 'டோன்', அவ்வளவுதான்.

சரி, சொட்டுவது ஏன்? ஸ்பிரிங்கில் எல்லா ஸ்வரமும் ஒரே வேகத்தில் ஓடாது. கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேரும், போன ஒலி முட்டித் திரும்பி மறுபடி ஓடும். நீங்கள் ஒரு ஸ்வரத்தை நீளமாக விட்டால் இதெல்லாம் அதற்குள் புதைந்துவிடும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு 'டக்' என்று அடித்துப் பாருங்கள், ஸ்வரம் உடனே செத்துவிடும், ஸ்பிரிங்கின் சத்தம் மட்டும் தனியாக வெளியே வரும். அதுதான் நீங்கள் தேடுகிற சொட்டு. பாதி பெட்டியில் இருக்கிறது, பாதி உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

காசு செலவில்லாமல் இன்றைக்கே ஒன்று செய்யலாம். உங்கள் மல்டி எஃபெக்ட்ஸில் ஹால், ரூம், பிளேட் எதையும் தொடாமல் 'ஸ்பிரிங்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிளாக்கை ஆம்ப் பிளாக்குக்கு முன்னால் நகர்த்துங்கள். பெரும்பாலானவற்றில் ரிவெர்பைக் கடைசியில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள், சர்ஃபுக்கு அது சரிவராது. டுவெல் இருந்தால் பாதிக்குச் சற்று மேலே, மிக்ஸ் பாதியில் வைத்து ஆரம்பியுங்கள். ஆம்பில் கிளீன் சேனல், கெய்ன் குறைவாக. இது பிடித்துப்போய் அடுத்த படிக்குப் போக நினைத்தால் கேடலின்பிரெட் டொபாங்கா, டிசி எலக்ட்ரானிக் டிரிப் போன்ற டிஜிட்டல் பெடல்கள் உண்டு. பாஸ் எஃப்ஆர்வி-1 நல்ல பெடல், ஆனால் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். நிஜ ஸ்பிரிங் வேண்டுமென்றால் ட்யூப் இல்லாமல் ஓடும் சர்ஃபிபேர் இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். டிஜிட்டல் பெடல்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன என்றாலும், அடிக்கிற கைக்கு நிஜ ஸ்பிரிங் உடனுக்குடன் பதில் சொல்கிற விதம் வேறு.

கேள்வி: ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பிலேயே ஸ்பிரிங் இருக்கிறதே, தனிப் பெட்டி எதற்கு? (கோவை வாசகர்)

பதில்: இருக்கிறது, அழகான ரிவெர்பும்கூட. ஆனால் ஆம்புக்குள் இருப்பது ப்ரீஆம்புக்கு (ஆம்பின் முதல் பெருக்கி நிலைக்கு) பின்னால் வருகிறது. டேங்கை ஓட்டுவது பவர் ட்யூப் இல்லை, 12ஏடி7 என்கிற ப்ரீஆம்ப் வகை ட்யூப். டுவெல் குமிழும் கிடையாது, எவ்வளவு கலக்கலாம் என்பது மட்டும்தான் உங்கள் கையில். பாலட் வாசிக்க அருமை, தெறிக்க வைப்பது கஷ்டம். ட்வின் வைத்திருப்பவர்கள் ஆம்பின் ரிவெர்பைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு முன்னால் ஒரு பெட்டியையோ பெடலையோ போட்டுப் பாருங்கள். மற்றபடி ட்வின் இந்த இசைக்கு மிகப் பொருத்தம், 85 வாட்ஸ், சத்தத்தை ஏற்றினாலும் சுலபத்தில் உடையாது. தூக்குவதுதான் பாடு, 29 கிலோ பக்கம் வரும்.

உடையாத சத்தம் ஏன் முக்கியம் என்றால், இந்த இசை பிறந்த இடம் அப்படி. கலிஃபோர்னியாவில் பல்போவா கடற்கரையை ஒட்டி இருந்த ராந்தெவூ பால்ரூமில் 1961-இல் டேல் வாசித்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. அத்தனை உடம்புகளும் சத்தத்தைக் குடித்துவிடும். அன்றிருந்த ஆம்புகள் தாங்கவில்லை, ஸ்பீக்கர்கள் கிழிந்தன. அதற்குப் பதிலாகத்தான் ஃபெண்டர் 'ஷோமேன்' ஆம்பும் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும் வந்தன. வீட்டில் உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் 5 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் வாங்கிவிட்டு அது கரகரக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் எல்லாம் போடலாமா? டிரெமலோ? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: போடாமல் பழகுங்கள். ஓவர்டிரைவ் சொட்டை நசுக்கிவிடும். டிரெமலோ (சத்தம் ஏறி இறங்கித் துடிக்கும் எஃபெக்ட்) மெதுவான பாட்டுகளில் மட்டும், கொஞ்சமாக.

கேள்வி: ஜாஸ்மாஸ்டர் வாங்கிவிட்டேன். வேகமாக அடித்தால் ஆறாவது ஸ்ட்ரிங் பிரிட்ஜிலிருந்து குதித்து வெளியே வந்துவிடுகிறது. கிட்டார் டிஃபெக்ட்டா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: இல்லை. ஜாஸ்மாஸ்டர் 1958-இல் வந்தபோது அன்றைய வழக்கப்படி தடிமனான ஸ்ட்ரிங்குக்காகச் செய்யப்பட்டது, இன்று எல்லோரும் மெல்லிய 0.009 அங்குல செட் மாட்டினால் பிரிட்ஜ் மேல் அழுத்தமே இருக்காது, குதிக்கத்தான் செய்யும். முதலில் 0.011 செட் மாட்டுங்கள், மூன்றாவது ஸ்ட்ரிங் சுற்றப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. அதிலும் அடங்கவில்லை என்றால் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய ஷிம் (தகடு) வைத்து, பிரிட்ஜை உயர்த்தினால் ஸ்ட்ரிங் இறங்கும் கோணம் கூடும். அப்படியும் போதாவிட்டால் ஃபெண்டர் மஸ்டாங் கிட்டாரின் பிரிட்ஜைப் போட்டுக்கொள்ளலாம், அதில் ஸ்ட்ரிங்குக்கு ஒரே ஒரு ஆழமான பள்ளம் இருக்கும். தடித்த செட் மாட்டியதும் நட் (கழுத்து நுனியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டு) பள்ளங்களையும் டிரஸ் ராடையும் (கழுத்துக்குள் ஓடும் கம்பி) தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள்.

டேல் மாட்டிய செட் 0.016-இல் ஆரம்பித்து 0.060-ஐ ஒட்டி முடியும். அதை அப்படியே பின்பற்ற வேண்டாம், விரலும் போகும், கிட்டார் கழுத்தும் போகும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் பழைய ஃபெண்டர் ரிவெர்ப் பெட்டி கொண்டுவருகிறார். அப்படியே பிளக்கில் சொருகலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: சொருகாதீர்கள், எரிந்துவிடும். அந்தப் பெட்டி 117 வோல்ட்டுக்கானது, நமக்கு 230. நல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், பெட்டியின் பின்னால் எழுதியிருக்கிற வாட்ஸைவிடத் தாராளமாகத் தாங்கக்கூடியதாக. அறுபதுகளின் பெட்டி என்றால் இரண்டு முள் பிளக் இருக்கும், எர்த்தோடு மூன்று முள்ளாக மாற்றாமல் தொடவே கூடாது. நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை வாங்கும் மின்சாரம் நிற்கும், ட்யூப் வேலை தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். அப்புறம், பெட்டியை ஆம்பின் தலையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கர் அதிர்வில் ஸ்பிரிங் தானாகவே ஊளையிட ஆரம்பிக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் 'ஹம்' வேறு ஏறும். பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்தால் போதும்.

கேள்வி: பத்து வருஷம் கர்நாடக வயலின் படித்துவிட்டு இப்போது கிட்டார் எடுத்திருக்கிறேன். 'மிசிர்லூ' வாசிக்க எதிலிருந்து தொடங்குவது? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. அது கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து மெட்டு. டேலின் அப்பா வழி லெபனான், வீட்டில் பெரியவர்கள் வாசித்துக் கேட்டு வளர்ந்தவர், 1962-இல் அதைப் படுவேகமாக்கி ரெக்கார்ட் செய்தார். ஸ்வரங்களைப் பார்த்தால் அப்படியே மாயாமாளவகௌளை. ஆறாவது ஸ்ட்ரிங்கைச் சும்மா விட்டு அடிப்பதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், மேலே 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளில் ரி க ம ப த நி ஸ வரிசையாகக் கிடைக்கும். இந்த ஒரே ஸ்ட்ரிங்கில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசியுங்கள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிக் கீழே-மேலே, கீழே-மேலே என்று நிற்காமல் ஓட வேண்டும். வேகம் முழங்கையிலிருந்து வந்தால் சீக்கிரம் வலிக்கும், மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். கமகம் போடக் கை பரபரக்கும், போடாதீர்கள், சறுக்கிப் போவது மட்டும் இங்கே பொருந்தும். முதல் சில வாரம் ரிவெர்ப் இல்லாமலே பழகுங்கள், டேலின் 1961 ரெக்கார்ட் 'லெட்ஸ் கோ டிரிப்பின்' கேட்டால் தெரியும், அதில் ரிவெர்ப் நனைப்பே கிடையாது, எல்லாம் கைதான். ரிவெர்பைப் போட்ட பிறகு வேகம் கூடக் கூட மிக்ஸரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், இல்லாவிட்டால் த-வும் நி-யும் ஒன்றோடொன்று கலந்து கலங்கிவிடும்.