திரையை எங்கே கட்டுவது?

வணக்கம் அக்கா,

வேளச்சேரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு ஆவணப்படம் திரையிடுகிறோம். போன மாதம் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பற்றிய படம், அதற்கு முன் மலக்குழி மரணங்கள் பற்றிய படம். வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்கள்தான். படம் முடிந்ததும் வருத்தப்படுகிறோம், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். இதனால் ஏதாவது மாறுமா? நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம்.

கே., வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டாம். இடத்தை மாற்றுங்கள்.

பள்ளிக்கரணைப் படத்தைப் பெரும்பாக்கத்தில் போட்டுப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி அப்புறப்படுத்தி அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்றார்கள். கொடுத்த வீடோ சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலத்தில். மழைக்கு அங்கும் தண்ணீர் நிற்கிறது. உங்கள் வேளச்சேரியும் ஏரி சுருங்கி வளர்ந்த ஊர்தான். ஆனால் அங்குள்ள அபார்ட்மென்ட்காரர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று யாரும் அவ்வளவு சுலபமாகக் கூப்பிடுவதில்லை.

2022இல் பள்ளிக்கரணை ராம்சர் தலமானபோது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டபோது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். சதுப்பைக் காப்பாற்றியே ஆக வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் காப்பாற்றக் கிளம்பும்போது முதலில் இடிபடுவது யார் வீடு? இதைப் பெரும்பாக்கத்து அம்மா ஒருவர் எழுந்து கேட்கட்டும். உங்கள் ஒத்த கருத்து அப்போது ஆட்டம் காணும். காண வேண்டும் தம்பி. சூழலும் நீதியும் இரண்டு தனித்தனிப் படங்கள் இல்லை என்று அங்கேதான் உறைக்கும்.

மலக்குழிப் படத்தை எதிர்த்திசையில் கொண்டுபோங்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு. மனிதரே மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிய திவ்யபாரதியின் ஆவணப்படம் ‘கக்கூஸ்’ 2017இல் வந்தபோது பல இடங்களில் திரையிட விடவில்லை. அவர் யூடியூபில் ஏற்றினார். இன்று யாரும் செல்போனில் பார்க்கலாம். தனியாகப் பார்ப்பவர் கண் கலங்கிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். சங்கக் கூட்டத்தில் அது முடியாது. கழிவுநீர்த் தொட்டி அடைத்தால் லாரியைக் கூப்பிடும் செயலாளர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். “நம்ம தொட்டிக்குள்ள ஆளை இறக்குறோமா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. அது அந்தக் கட்டடத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய ஒடேசா இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டியது, மக்களிடமே காசு திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தது. சினிமாவை ஜனங்களிடம் கொண்டுபோவது என்றால் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

பெரும்பாக்கத்தில் ஏழரை மணிக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள். நகரத்துக்குள் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். அரை மணி நேரப் படம் போதும். இயக்குநரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மனமுவந்து தருவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் சப்டைட்டில் இருந்தால் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும். படம் முடிந்ததும் மைக் முதலில் அங்கே குடியிருப்பவர்கள் கைக்குப் போகட்டும். நிபுணர்கள் காத்திருக்கலாம், நானும்தான்.

அங்கே பேசி ஒரு தேதி முடிவு செய்து எழுதுங்கள். பாய் விரிக்க, வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட, எதற்கும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா